நாற்பத்திரண்டாவது டப்பா

ஆஸ்பத்திரி எனக்குத் தர வேண்டியிருந்த பாக்கி ஆயிரத்து முந்நூற்று ஐம்பது ரூபாய். ஒரு தடவை வந்துபோனால் பயணப்படி நூற்றைம்பது என்று படிவத்தின் பதினேழாம் பக்கத்தில் போட்டிருந்தார்கள். ஒன்பது தடவை போய்வந்தேன். நான் பெருக்கல் கற்றது முப்பத்தொரு வயதில், அறிவொளி வகுப்பில். அதனால் இரண்டு தடவை பெருக்கிப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

நோயாளிக்கு ஆஸ்பத்திரி கடன்பட்டிருந்தது என்றால் கேட்கிறவர்கள் திருப்பிச் சொல்லச் சொல்கிறார்கள். அதனால் முதலிலிருந்தே சொல்லிவிடுகிறேன்.

என் பெயர் ராஜபாண்டி. அருப்புக்கோட்டைப் பக்கத்திலிருந்து திருப்பூர் வந்து இருபது வருடமாகிறது. அனுப்பர்பாளையத்தில் ஒரு பனியன் கம்பெனியில் அயர்ன் போடுகிறேன். நாங்கள் மடிப்பு எடுக்கும் சட்டைகள் ஜெர்மனிக்குப் போகின்றன. இரண்டாயிரத்து ஆறாம் வருடம் ஐப்பசியில் எனக்கு வயிற்றுப்போக்கு ஆரம்பித்தது. தண்ணீர் மாறியதால் என்று நினைத்தேன். தண்ணீர் மாறி இருபது வருடமாகிறது என்று என் மனைவி மூக்கம்மாள் ஞாபகப்படுத்தினாள். கார்த்திகையில் ரத்தம் வந்தது.

எங்கள் லைனில் நாற்பது பேருக்கு ஒரு டோக்கன். ஆணியில் தொங்கும் தகரத் துண்டு அது. ஆணியில் இருந்தால் எடுத்துக்கொண்டு கக்கூசுக்குப் போகலாம். இல்லாவிட்டால் யாரோ போயிருக்கிறார் என்று அர்த்தம். வரும்வரை நிற்க வேண்டும். ஆளுக்கு நாளைக்கு இரண்டு தடவை. எனக்குப் பதினான்கு தடவை வந்தது.

சூப்பர்வைசர் லிங்கசாமி மரியாதையான மனிதர். யாரையும் ஒருமையில் பேசமாட்டார்.

"ஏனுங்க ராஜபாண்டி, நீங்க அயர்ன் போட வர்றீங்களா, இல்ல டோக்கனுக்கு வாட்ச்மேன் வேலைக்கு வர்றீங்களா? சொல்லீட்டீங்கன்னா ரெஜிஸ்டர்ல மாத்தி எழுதிக்கறனுங்க."

ஊருக்கு வெளியே இருந்த பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனேன். பெயர் எழுதினால் வழக்குப் போடுவார்கள், ஆஸ்பத்திரி என்றே வைத்துக்கொள்வோம். டாக்டர் ஆறுச்சாமி குழாய் விட்டுப் பார்த்தார். பெருங்குடல் முழுக்கப் புண் என்றார். மாத்திரை கேட்காவிட்டால் குடலை வெட்டி எடுத்துவிட்டு வயிற்றில் ஓட்டை போட்டுப் பை மாட்ட வேண்டும் என்றார். அயர்ன் மேசையில் வயிற்றை அழுத்திக்கொண்டு நிற்கிறவனுக்குப் பையை எங்கே மாட்டுவது என்று கேட்டேன். அது சர்ஜன் டிபார்ட்மெண்ட் என்றார்.

மாத்திரைக்கு மாதம் மூவாயிரம் ஆகும் என்றார். என் முகத்தைப் பார்த்துவிட்டு வேறொரு வழி இருப்பதாகச் சொன்னார். ஜெர்மனிக் கம்பெனி ஒன்று புது மருந்து கண்டுபிடித்திருக்கிறது. அதைப் பரிசோதித்துப் பார்க்க ஆள் தேவை. காசு வேண்டாம், வந்துபோகக் காசும் தருவார்கள்.

"அதுல பாதிப் பேருக்கு மருந்து குடுப்போம், பாதிப் பேருக்கு மருந்து மாதிரியே இருக்கற வெறும் மாத்திரை குடுப்போம்" என்றார்.

"எனக்கு எதுங்க சார்?"

"அது எனக்குத் தெரியாதுங்க. உங்களுக்கும் தெரியாது. அதனாலதான் இது சயின்ஸ். யாருக்காவது தெரிஞ்சுட்டா அப்புறம் அது வெறும் வைத்தியமாப் போயிருமுங்க."

ஒப்புதல் படிவம் இருபத்திரண்டு பக்கம். கணக்குப் பிரிவு கிட்டுசாமி அதையும் ஒரு மசிப்பெட்டியையும் கொண்டுவந்து வைத்தார். கூடவே ஒருவர் வந்து உட்கார்ந்தார். அவர்தான் நடுநிலைச் சாட்சி. எழுதப் படிக்கத் தெரியாத நோயாளிக்குப் படிவத்தைப் படித்துக்காட்டியதாகக் கையெழுத்துப் போடுவது அவர் வேலை. தடவைக்கு இருநூறு ரூபாய். காலையிலிருந்து ஆறு பேருக்குப் படித்துக்காட்டியிருந்தார். வாயே திறக்கவில்லை.

"பெருவிரல் வையுங்க" என்றார் கிட்டுசாமி.

"நான் படிச்சுக்குவேங்க" என்றேன்.

கிட்டுசாமி பேனாவை மூடிவைத்தார். "என்னங்க இப்படிப் பண்றீங்க? அயர்ன் மாஸ்டர்னு சொன்னாங்க, படிக்கத் தெரியாதுன்னு சாட்சிக்கு வவுச்சர் போட்டாச்சுங்களே."

நான் எழுத்துக்கூட்டிப் படிக்கிறவன். நாலரை மணி நேரம் ஆனது. தமிழாக்கியவருக்குத் தமிழோடு ஏதோ பழைய பகை இருந்திருக்க வேண்டும். 'மரணம் உள்ளிட்ட சிறு அசௌகரியங்கள்' என்று ஒரு இடத்தில் இருந்தது. ஒன்பதாம் பக்கத்தில் 'மருந்துப்போலியானது மருந்தைப் போன்றே தோன்றும், ஆயினும் அதற்கு எதையும் செய்யும் அதிகாரமில்லை' என்று இருந்தது. பதினேழாம் பக்கத்தில் நூற்றைம்பது ரூபாய். அதை மட்டும் இரண்டு தடவை படித்தேன்.

கையெழுத்துப் போட்டேன். அதற்குள் கிட்டுசாமி வழி கண்டுபிடித்திருந்தார். எனக்குப் படிக்கத் தெரியும் என்பதற்குச் சாட்சியாக அந்த மனிதர் கையெழுத்துப் போட்டு இருநூறு ரூபாய் வாங்கிக்கொண்டு போனார்.

வெள்ளை டப்பா ஒன்று தந்தார்கள். மூடியில் சிவப்பு சீல். லேபிளில் ஜெர்மனி விலாசமும் தேதியும் இருந்தன. என் பெயர் இல்லை, எண் பதினேழு மட்டும். கூடவே ஒரு நோட்டு. தினமும் எத்தனை தடவை போனேன், ரத்தம் உண்டா என்று எழுத வேண்டும். அதையெல்லாம் பார்த்துக்கொள்ள கவிப்பிரியா என்று ஒரு நர்ஸ் பிள்ளை. ஆஸ்பத்திரி லெட்டர்பேடில் கம்பெனிக்கு ஒரு கடிதமும் அவள்தான் டைப் செய்து, வட்ட முத்திரை குத்திக் கொடுத்தாள். 'ஆராய்ச்சி மருந்து உட்கொள்ளும் காலம்வரை இவரைக் கழிப்பறைக்குத் தடையின்றி அனுமதிக்கவும்.'

லிங்கசாமி கடிதத்தைப் படித்தார். டப்பாவை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஜெர்மனி என்று போட்டிருந்த இடத்தில் விரலை வைத்து நின்றுவிட்டார்.

"நம்ம சட்டை வாங்கற பையர் ஊருங்களே இது" என்றார் மெதுவாக. "ரெண்டு கம்பெனிக்காரங்களும் ஒண்ணாத்தான் காப்பி குடிப்பாங்க. மருந்துக்காரரு பையருகிட்டப் போயி ஒரு வார்த்தை சொல்லீட்டாருன்னா வைங்க, நம்ம ஆர்டரு போச்சுங்க."

லைன் முழுக்கக் கேட்கும்படி உத்தரவு போட்டார். "இந்த டப்பா இவரு மேசை மேல இருக்கற வரைக்கும் யாரும் இவருகிட்ட டோக்கன் கேக்கக் கூடாது. கேட்டீங்களா கண்ணு? போறாருன்னா போகட்டும்."

அன்றிலிருந்து நான் நினைத்த நேரத்தில் போனேன். அயர்ன் பாக்ஸை வைத்துவிட்டு ஓடத் தேவையில்லை, நடந்து போனேன். எனக்கென்று இருந்த மரியாதையில் செக்கிங் பெண்கள் வழிவிட்டார்கள்.

சாயங்காலம் ஆறரைக்கு, லைன் வீட்டு ஓனர் போனுக்குக் கவிப்பிரியா கூப்பிடுவாள். "அண்ணா, இன்னிக்கு எத்தன தடவைங்க? ரத்தம் இருந்துச்சுங்களா? சாப்பிட்டீங்களா?" என் நாற்பத்தைந்து வருட வாழ்க்கையில் தினமும் இந்த மூன்றையும் கேட்ட ஆள் கிடையாது. ஓனர் போன் முற்றத்தில் இருப்பதால் எட்டு வீட்டுக்கும் கேட்கும். இரண்டாம் வாரத்திலிருந்து மூக்கம்மாளே முந்திக்கொண்டு நம்பரைச் சொல்ல ஆரம்பித்தாள். பதினொன்று. ஒன்பது. ஏழு. நாலாம் வாரம் நாலு என்றதும் பக்கத்து வீட்டுத் தறிக்காரர் கிரிக்கெட் பார்க்கிற மாதிரி கை தட்டினார். எட்டாம் வாரம் இரண்டு. ரத்தம் இல்லை. டாக்டர் மறுபடி குழாய் விட்டுப் பார்த்தார். புண் ஆறிவிட்டது. தோல் ரோஜாப்பூ மாதிரி இருக்கிறது என்று சொன்னார். அப்படி ஒரு இடத்தை அப்படி யாரும் பாராட்டிக் கேட்டதில்லை.

"மருந்து பிரமாதமா வேலை செய்யுதுங்க" என்று என் கையைக் குலுக்கினார். வெளியில் போய்க் கவிப்பிரியாவின் கையையும் குலுக்கினார்.

பயணப்படி கேட்டேன். "சேத்துக் கடைசீல வாங்கிக்கலாங்க" என்றார் கிட்டுசாமி.

பத்தாம் வாரம் பம்பாயிலிருந்து தணிக்கைக்கு ஆள் வருகிறார் என்றார்கள். நான் போனபோது ஆஸ்பத்திரி கக்கூசில் புது சோப்பு இருந்தது. சுவரில் பெயிண்ட் வாசம். போன மாதத் தேதி போட்டு இந்த மாதம் கையெழுத்து வாங்கிக்கொண்டிருந்தார்கள். எனக்கு எல்லாம் பழக்கமான இடத்துக்கு வந்த மாதிரி இருந்தது.

எங்கள் கம்பெனியிலும் பையர் ஆடிட் வரும். அன்றைக்கு டோக்கன் லிங்கசாமியின் மேசை டிராயருக்குள் போய்விடும். முதலுதவிப் பெட்டியில் மாத்திரை அட்டைகள் நிறைந்திருக்கும், மாத்திரை இருக்காது. முந்தின நாள் சாயங்காலம் எங்களை வரிசையாக நிற்கவைத்துப் பாடம் சொல்லித்தருவார்கள். பதினாறு வருடமாகப் படித்த பாடம். அ, ஆ தெரிவதற்கு முன்பே எனக்கு அது தெரியும்.

பம்பாய்க்காரர் டை கட்டி, மடியில் ஃபைல் வைத்திருந்தார். இந்தியில் கேட்டார். கவிப்பிரியா தமிழில் சொன்னாள். "உங்களுக்கு இங்க எல்லாம் திருப்தியா இருக்குதுங்களா, ஏதாச்சும் கஷ்டம் இருக்குதான்னு கேக்கறாருங்க அண்ணா."

என் வாய் தானாகத் திறந்தது.

"எட்டு மணி நேரம்தாங்க வேலை. ஓவர்டைம் கெடையாது. சம்பளம் ஏழாம் தேதி கரெக்டாக் குடுத்துருவாங்க. பதினெட்டு வயசுக்குக் கீழ யாருமே இல்லங்க. தீப்பிடிச்சா வடக்கு வாசல் வழியா வெளிய போவோம்."

கவிப்பிரியா என்னைப் பார்த்தாள். நான் என்ன சொன்னேன் என்று பம்பாய்க்காரர் அவளிடம் கேட்டார். அவள் பொய் சொல்லாத பிள்ளை. அப்படியே சொன்னாள். அவர் ஒரு வரி விடாமல் எழுதிக்கொண்டார்.

பன்னிரண்டாம் வாரத்தோடு பரிசோதனை முடிந்தது. காலி டப்பாவைத் திருப்பி வாங்கிக்கொண்டார்கள். இரண்டு மாதம் கழித்து ஆஸ்பத்திரியிலிருந்து அவசரமாகக் கூப்பிட்டார்கள். பயணப்படி தருவார்கள் என்று பெரிய பர்ஸை எடுத்துக்கொண்டு போனேன்.

டாக்டர் ஆறுச்சாமி அன்று கை குலுக்கவில்லை. மேசையில் ஒரு பட்டியல் இருந்தது.

"ராஜபாண்டி, உங்களுக்குக் குடுத்தது வெறும் மாத்திரைங்க."

"அப்படீங்களா சார்."

"உள்ள மாவு. மக்காச்சோள மாவு. வேற ஒண்ணுமே இல்ல."

"நல்ல மாவுங்க சார்" என்றேன்.

அவருக்குக் கோபம் வந்துவிட்டது. ஆனாலும் மரியாதை குறையவில்லை. மரியாதை இல்லாமல் பேச இந்த ஊர்க்காரர்களுக்கு வராது. "உங்களுக்குப் புரியல. நம்ம சென்டர்ல நிஜ மருந்து சாப்பிட்டவங்கள்ல மூணு பேருக்குத்தான் சரியாச்சு. மாவு சாப்பிட்டவங்கள்ல நாலு பேருக்குச் சரியாயிருச்சு. நாலாவது ஆளு நீங்க. ஒரு கம்பெனி பத்து வருஷம் ஆராய்ச்சி பண்ணி, பல கோடி கொட்டி ஒரு மருந்தக் கண்டுபிடிக்குது. நீங்க பாட்டுக்கு ஒண்ணுமே சாப்பிடாம குணமாகி உக்காந்துக்கறீங்க. மருந்து சாப்பிட்டுக் குணமாகாதவங்களக்கூட நான் மன்னிச்சிருவனுங்க. அவங்க நோய் அப்படி. ஆனா நீங்க பண்ணுனது பொறுப்பில்லாத காரியமுங்க."

"குணமானது தப்புங்களா சார்?"

"எந்தக் குரூப்ல குணமாகறதுன்னு ஒரு முறை இருக்குதல்லங்க."

நான் தலையைக் குனிந்துகொண்டேன். ஆனால் வந்த காரியம் ஒன்று இருந்தது. டப்பா போனதிலிருந்து மேசை காலி. எனக்கும் மறுபடி டோக்கன்தான் என்றாகிவிட்டது. முதல் மாதம் மூன்று தடவை ஆனது. இரண்டாம் மாதம் ஆறு. முந்தின நாள் காலையில் லேசாக ரத்தம் பார்த்தேன். மூக்கம்மாளிடம் நம்பரைச் சொல்லவில்லை.

"சார், அந்த மாவு மாத்திரை இன்னும் கொஞ்சம் குடுங்க" என்றேன். "காசு வேணாலும் தாரேன்."

டாக்டர் என்னையே பார்த்தார். "அதுல ஒண்ணும் இல்லன்னு சொல்றனுங்களே."

"ஒண்ணும் இல்லாததுதாங்க எனக்குக் கேட்டுச்சு."

"தர முடியாதுங்க. நிஜ மருந்துன்னா ஏதாச்சும் ஆனா இந்தக் காரணம், அந்தக் காரணம்னு பதில் சொல்லலாம். ஒண்ணுமே இல்லாத மாத்திரையச் சாப்பிட்டு உங்களுக்கு ஏதாச்சும் ஆயிட்டா நான் எதைக் காட்டிப் பதில் சொல்றது? அதுக்கு லைசன்ஸும் கெடையாது. உலகத்துல எந்தக் கடையிலயும் கெடைக்காது. கேட்டா வேற மாத்திரை எழுதித் தாரேன், மாசம் மூவாயிரம். இல்லீன்னா சர்ஜனப் பாருங்க."

அடுத்த வாரம் கமிட்டி என்றார்கள். நீள மேசையில் ஏழு பேர் உட்கார்ந்திருந்தார்கள். நான் எப்படிக் குணமானேன் என்று கண்டுபிடிப்பது அவர்கள் வேலை. மறைத்து வேறு மருந்து சாப்பிட்டேன் என்று தெரிந்தால் என் பெயரை எடுத்துவிடலாமாம். எடுத்தால் மூன்றுக்கு மூன்று என்று கணக்கு சமமாகிவிடுமாம்.

நாட்டு மருந்து சாப்பிட்டீர்களா என்றார்கள். இல்லை. கோயிலுக்கு நேர்ந்துகொண்டீர்களா. மூக்கம்மாள் நேர்ந்துகொண்டாள், ஆனால் அது அவளுடைய முழங்காலுக்கு. மோர் குடித்தீர்களா. குடித்தேன். ஏழு பேரும் பேனாவைத் திறந்தார்கள். எவ்வளவு காலமாக என்றார்கள். பிறந்ததிலிருந்து என்றேன். பேனாக்களை மூடினார்கள்.

"அப்ப என்னதான் வித்தியாசமாப் பண்ணுனீங்க அந்த மூணு மாசம்?" என்று தலைவர் கேட்டார்.

நான் யோசித்துப் பார்த்தேன். "வந்தப்ப எல்லாம் கக்கூசு போக விட்டாங்கய்யா. அப்புறம் அந்தப் பிள்ளை தினமும் சாப்பிட்டீங்களான்னு கேக்கும்."

தலைவர் இரக்கத்தோடு சிரித்தார். "அதெல்லாம் மருந்து இல்லீங்க. அதை எதுலயும் எழுத முடியாது" என்றார். எழுதாமல் விட்டார்கள்.

கடைசியில் பம்பாய்க்காரரின் அறிக்கை கைகொடுத்தது. நோயாளி எண் பதினேழு, உடல்நிலை பற்றிக் கேட்டால் வடக்கு வாசல் என்கிறார். ஆகவே அவர் எழுதிக் கொடுத்த எந்த எண்ணிக்கையையும் நம்புவதற்கில்லை. கமிட்டி ஒருமனதாக என்னை நீக்கியது. குழாய் விட்டுப் பார்த்த படம் இருக்கிறதே என்று சுவரோரம் நின்ற கவிப்பிரியா கேட்டாள். நம்ப முடியாத ஆளின் குடலை மட்டும் எப்படி நம்புவது என்றார் தலைவர். நான் அந்தப் பரிசோதனையில் எப்போதுமே இருந்ததில்லை என்று தீர்மானம் போட்டார்கள். அதற்குச் சாட்சியாக என்னிடமே கையெழுத்து வாங்கினார்கள்.

அதற்கப்புறம் மூன்று வாரம் கழித்துக் கிட்டுசாமி தாமே ஆள் அனுப்பிக் கூப்பிட்டார். அவர் முகம் வாடியிருந்தது. எனக்கு அன்றைக்கு ஏழு தடவை.

"ராஜபாண்டி, என் கஷ்டத்தக் கேளுங்க. நாளைக்கு இந்த டிரையல் கணக்க மூடோணும். பாக்கி எதுவும் இருக்கக்கூடாது. உங்க ஆயிரத்து முந்நூத்தி அம்பது நிக்குது. குடுக்கலாம்னா நீங்க ஆராய்ச்சியிலயே இல்லீன்னு தீர்மானம் இருக்குது. குடுக்காம விட்டாக் கணக்கு மூடாது. ஆளு இல்லாத கடனுங்க இது. இருபத்தியாறு வருஷ சர்வீஸ்ல இப்படி ஒண்ணப் பாத்ததில்ல."

"வேற என்ன வேலைங்க நாளைக்கு?" என்று சும்மா கேட்டேன்.

"மிச்சமான மாத்திரைய எரிக்கோணும். நாப்பத்திரண்டு டப்பா. அதுல மாவு டப்பாவும் கலந்திருக்குது. மாவா இருந்தாலும் முறைப்படி எரிக்கோணுமாம். நடுநிலைச் சாட்சி ஒருத்தரு பாத்துக் கையெழுத்துப் போடோணும். அந்த ஆளு இருநூறு பத்தாது, ஐநூறு வேணும்ங்கறாரு."

பெருக்கல் மாதிரி இதையும் இரண்டு தடவை மனதில் போட்டுப் பார்த்தேன்.

"எனக்குப் படிக்கத் தெரியும்னு உங்க ஃபைல்லயே சாட்சி இருக்குங்க" என்றேன். "நான் கையெழுத்துப் போடுறேன், ஐநூறு வேணாம். ஆயிரத்து முந்நூத்தி அம்பதும் வந்துருச்சுன்னு எழுதித் தாரேன். ஒரு டப்பா மட்டும் குடுங்க."

கிட்டுசாமி கதவைப் பார்த்தார். பட்டியலை எடுத்தார். எண்ணை ஒத்துப் பார்த்து, ஒரு டப்பாவை எடுத்துத் துணியால் தூசி தட்டினார்.

"லிஸ்ட்டப் பாத்துத்தானுங்க எடுத்திருக்கறேன்" என்றார். "பயப்படாதீங்க. சுத்தமா ஒண்ணுமே இல்லாத டப்பா."

மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் பின்னால் எரித்தார்கள். டாக்டர் ஆறுச்சாமி மூக்கில் துணி கட்டிக்கொண்டு நின்றார். மாவு எரிகிற வாசம் தோசைக் கல் தீய்ந்த மாதிரி வந்தது. நாற்பத்திரண்டு டப்பாக்களும் என் கண் முன்னால் எரிக்கப்பட்டன என்ற தாளை முழுக்கப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டேன். நாற்பத்திரண்டாவது என் சாப்பாட்டுப் பையில் தூக்குச் சட்டிக்குக் கீழே இருந்தது. அடுத்த தாள் வவுச்சர். ரூபாய் ஆயிரத்து முந்நூற்று ஐம்பது மட்டும் ரொக்கமாகப் பெற்றுக்கொண்டேன் என்று இருந்தது. அதற்கும் போட்டேன். கிட்டுசாமி ஒரு சிவப்புக் கோடு இழுத்துக் கணக்கை மூடினார். ஆஸ்பத்திரிக்கும் எனக்கும் இனிக் கொடுக்கல் வாங்கல் கிடையாது.

திங்கட்கிழமை டப்பாவைக் கொண்டுபோய் அயர்ன் மேசையில், தண்ணீர் தெளிக்கிற பாட்டிலுக்குப் பக்கத்தில் வைத்தேன். லிங்கசாமி வந்தார். ஜெர்மனியைத் தொட்டுப் பார்த்தார்.

"மறுபடியும் ஆரம்பிச்சுட்டாங்களாங்க?"

"டப்பா குடுத்திருக்காங்க சார்."

"அப்பச் சரிங்க. போகோணும்னா போயிட்டு வாங்க, டோக்கனெல்லாம் எதுக்கு?"

இப்போது நாலு மாதமாகிறது. ஆறரை மணிக்கு மூக்கம்மாளே நம்பரைக் கேட்கிறாள், சாப்பிட்டாயா என்றும் கேட்கிறாள். போனவாரம் முழுக்க இரண்டுதான். டப்பாவில் 2009 மார்ச் வரை கெடாது என்று போட்டிருக்கிறார்கள். அதுவரை கவலையில்லை.

சிவப்பு சீலை நான் இன்னும் உடைக்கவில்லை.